நிக்க வுடாதே

கோதண்டத்தை நான் முதலில் பார்த்தது பூந்தமல்லி சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில். நான் அங்கே நகல் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. எங்கள் ஊர் திருமழிசைக்கு அப்பால், மழைக்காலத்தில் நாலு பக்கமும் தண்ணீர் கட்டினால் திட்டு மாதிரி தெரிகிற ஊர். அங்கே பேருக்குப் பின்னால் பி.ஏ. என்று எழுதிக்கொண்ட முதல் ஆள் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். படித்தவர் யாராவது எதிரில் வந்தால் என் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அவர் மகன் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறான் என்பது சின்ன விஷயமில்லை.

ஆபீஸ் வாசலில் ஒரு புங்கமரம். அதன் கீழே பத்திரம் எழுதுகிற ஆனந்தன் பெட்டியும் மைக்கூடுமாக உட்கார்ந்திருப்பார். நிலம் விற்கிறவர் எதற்காக விற்கிறார் என்று பத்திரத்தில் ஒரு வரி வர வேண்டும். ஆனந்தன் யாரையும் கேட்கமாட்டார். 'என் குடும்பச் செலவுக்காகவும் சாகுபடிச் செலவுக்காகவும்' என்று அவர் கை தானாக எழுதிவிடும். மகள் கல்யாணம், கோர்ட்டு வழக்கு, கள்ளுக்கடை பாக்கி எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். அன்று ஒருவர் அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அது பொய், மாற்றி எழுதுங்கள் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தார். முத்திரைக் காகிதத்தில் பொய் எழுதினால் அவருடைய அண்ணனுக்குப் பிடிக்காதாம்.

"பின்ன இன்னான்னு எழுதணும்?" என்றார் ஆனந்தன்.

"கடியாரத்துக்கு ஓவராயில் பண்றதுக்கு."

மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நெலத்த வித்து எண்ணெ போடறியே நைனா, அது கடியாரமா செக்கா?" என்றார் ஆனந்தன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. இடுப்பு மடிப்பின் மேல் கையை வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "அது ஓடணும்பா" என்றார்.

பத்திரம் நகலுக்கு என் மேஜைக்கு வந்தது. 'காலஞ்சென்ற என் தமையனார் கங்காதரன் அவர்களுடைய தங்கக் கடிகாரத்தை மராமத்து செய்யும் பொருட்டு' என்று இருந்தது. நூம்பலில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம், அதற்காகப் போயிற்று. நகல் எழுதி முடித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் புங்கமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். கடிகாரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு சுருக்குப்பையிலிருந்து எடுத்தார்.

இவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதுவரை கையில் வாங்கியதில்லை. எலுமிச்சம்பழத்தைத் தட்டையாக அழுத்தினதுபோல ஒரு தங்க வட்டம். ஒரு குமிழை அழுத்தினால் மூடி தானாகத் திறந்தது. உள்ளே பாலாடை மாதிரி வெள்ளை முகம், கறுப்பு ரோமன் எழுத்துகள், எறும்பின் கால் மாதிரி முட்கள். மூடியின் உட்பக்கம் இங்கிலீஷில் செதுக்கியிருந்ததை உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னேன்: 'என் நம்பிக்கைக்குரிய கங்காதரனுக்கு.' அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அது என்னவென்று இத்தனை காலம் அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம் அது. கடிகாரமோ மூன்றே கால் என்றது. முள்ளைத் திருப்பி வைத்துத் தரட்டுமா என்றேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"மணி எனக்கு எதுக்கு தம்பி, சூரியன் கீறானே. இது ஓடுனா போதும்."

அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நூம்பலுக்கு நடந்து போகிற வழக்கம் வந்தது. என் அறையில் தனியாக இருப்பதற்கு அது மேல். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் தெரிந்தது. அண்ணன் கங்காதரன் பட்டணத்தில் ஒரு தோல் கம்பெனியில் பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்டவர். துரை சீமைக்குத் திரும்பும்போது, மூடியில் அந்த வரியைச் செதுக்க வைத்து, தன் சட்டைப்பையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கடிகாரம் அது. சுவிட்சர்லாந்து சரக்கு. மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரன் கடையில் மட்டும்தான் அதைத் திறக்கத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் பிரித்துப்போட்டு, கழுவி, எண்ணெய் வைத்து, மறுபடி பூட்ட வேண்டும். அதற்குத்தான் ஓவராயில் என்று பேர். அண்ணன் சம்பளக்காரர், அவருக்கு அது கட்டுபடியாயிற்று. அவர் விஷ சுரத்தில் போனதோடு சம்பளம் நின்றது. கடிகாரம் நிற்கவில்லை.

"வைக்கிற எண்ணெ எவ்ளோ தெரியுமா? கண்ணுல போட்டாக்கூட கரிக்காது. அம்மாத்துண்டு. அதுக்கு ஒரு கறவ மாடு" என்பார் கோதண்டம். அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டார். மழை பெய்யாததைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

ஒரு வருஷம் மாடு போயிற்று. ஒரு வருஷம் மேட்டுக் கொல்லை. ஒரு வருஷம் அண்ணி தாட்சாயிணியின் காசுமாலை; கேட்டதும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாளாம், ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். கல்யாணமும் அப்படித்தான் போயிற்று. பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிடுவது ஒரு கடிகாரத்துக்கு என்று தெரிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பற்றி ஊரில் கொஞ்ச காலம் பேசினார்கள். அப்புறம் பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி என்று நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன். அப்போதுதான் அந்தக் காலையைச் சொன்னார்.

சுரம் முற்றிய அண்ணனை வீட்டுக்குள் வைத்திருக்க முடியவில்லை. காற்றாவது வரட்டும் என்று கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடிக் கொட்டகையில் போட்டார்கள். கடிகாரத்தை அவர் கையை விட்டு எடுக்க விடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நினைவு வருவதும் போவதுமாக இருந்தவர் ஒரு தடவை கண்ணைத் திறந்தார். தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"'கோதண்டம், நிக்க வுடாதே' அப்டீன்னாரு. மறுபடியும் ஒரு தபா, 'நிக்க வுடாதே.' அவ்ளோதான். கடியாரம் கையில ஓடிகினு கீது. அவுரு இல்ல."

அதன்பின் ஒரே ஒரு வருஷம் செலவுக்குப் பயந்து, கடிகாரத்தைக் கரையான்சாவடியில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் தையல் மிஷினும் ரிப்பேர் செய்கிற ஒரு கடையில் கொடுத்தாராம். கடைக்காரர் தையல் மிஷின் எண்ணெயையே விட்டுக் கொடுத்தார். சில நாளில் கடிகாரம் நின்றது. அன்று மத்தியானம் கோதண்டம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால், உள்வாசல் நிலைப்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருன்னேன். உக்காரல. பேசவும் இல்ல. நிக்கிறாரு, அவ்ளோதான்."

நம் பாஷையில் கடிகாரம் ஓடாமல் போனாலும் நிற்கிறது. ஆள் உட்காராமல் இருந்தாலும் நிற்கிறார். இங்கிலீஷில் இரண்டுக்கும் வெவ்வேறு வார்த்தை. ஒரு இங்கிலீஷ்காரனுக்கு இந்தப் பிசாசு வந்திருக்க முடியாது என்று நான் அன்று திரும்பி நடக்கும்போது நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது. ஆனால் வேலப்பன்சாவடி ரஸ்தாவை எட்டும்வரை நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏரிக்கரைத் துண்டு விற்ற பணத்தில் கடிகாரம் மவுண்ட் ரோட்டுக்குப் போயிருந்த சமயம், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை இருக்கச் சொன்னார். ஓவராயிலுக்குப் போனால் திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த மாதம் முழுக்க அவர் வேறு ஆளாக இருப்பார். இடுப்பில் கை போகும், பை இல்லாமல் திரும்பி வரும். எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டிருந்தது. அவர் ஒருக்களித்து உட்கார்ந்து, உள்வாசலைப் பார்த்தபடி சோற்றை அள்ளி அள்ளி விழுங்கினார்.

"நிக்கிறாரு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் திரும்பினேன். நிலைப்படியில் தாட்சாயிணி அம்மாள் மோர்ச்செம்போடு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை, ஒரு தோள் நிலைக்கால்மேல் சாய்ந்திருந்தது. கோதண்டம் அவளைப் பார்க்கவில்லை. அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். அவள் ஊடாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல, அவளுக்குப் பின்னாலோ அவளுக்குள்ளோ இருந்த எதையோ பார்த்தார். அவள் வந்து மோர் ஊற்றினாள். மறுபடி அதே இடத்தில் போய் நின்றாள். அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுகிறவரை அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடிகாரம் வந்தது. கோதண்டம் மறுபடி மனிதரானார். காலையில் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, கட்டைவிரலால் அதற்குச் சாவி கொடுப்பார். அந்தச் சத்தத்தோடு அவர் முகம் தளர்வதைப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய மறு வருஷம் கடிகாரம் கீழே விழுந்தது. கிணற்றடியில் குனிந்தபோது மடியிலிருந்து நழுவிக் கருங்கல்லில் பட்டுவிட்டது. விடியற்காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். பையைப் பிரிக்காமலே என் காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இங்கிலீஷ் பேசுவதற்காக நானும் கூடப் போனேன். மவுண்ட் ரோட்டில் அந்தக் கடை கண்ணாடியும் பித்தளையுமாகப் பளபளத்தது. நான் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு போட்டிருந்தேன். கடைத்துரை ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உள்ளே சக்கரத்தைத் தாங்குகிற அச்சு முறிந்திருக்கிறது, தலைமயிர் கனம்தான் இருக்கும் என்றார். அது சுவிட்சர்லாந்திலிருந்து வர வேண்டும். சண்டையில் கப்பல் இல்லை. இங்கேயே ஒரு ஆள் கையால் கடைந்து செய்யலாம். சுருள்வில்லும் போயிருக்கிறது. எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று ஒரு தொகை சொன்னார். நான் அதை அவர் வாயிலிருந்து மறுபடி ஒரு தடவை வரவழைத்துக்கொண்டேன், என் காதில் தவறு இருக்கலாம் என்று.

தமிழில் சொன்னேன். கோதண்டம் தொகையைக் கேட்டு அசையவில்லை. "ஓடுமான்னு கேளு" என்றார். கேட்டேன். ஓடலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் துரை. நான் அப்படியே சொன்னேன்.

அந்தத் தொகைக்கு விற்க அவரிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கிணற்றுக் கொல்லை. வீட்டுச் சோறு அதிலிருந்துதான். கடிகாரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வரும்போது நான் எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். அண்ணியம்மாளை நினைக்க வேண்டாமா என்றும் சொன்னேன். புருஷன் போன பெண்ணுக்கு நிலத்தில் சட்டப்படி பங்கு கிடையாது, சோறும் துணியும்தான். அந்தச் சோறே இந்தக் கொல்லைதான் என்று, ஆபீசில் படித்ததை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். போரூர் தாண்டி வாய் திறந்தார்.

"நீ படிச்சவன் தம்பி. உன் ஊட்டு வாசல்ல யாராவது நிக்கிறாங்களா?"



சென்னீர்குப்பத்துச் செங்கல் சூளைக்காரர் சின்னப்பையன் கிணற்றுக் கொல்லைக்கு விலை பேசினார். அவருக்கு வேண்டியது மண். பயிர் வேண்டாம், கிணறும் வேண்டாம். சங்கிலி பிடித்து அளக்க ஒரு நாள் குறித்தார்கள். பத்திரத்துக்கு எல்லை எழுத வேண்டும் என்று கோதண்டம் என்னையும் வரச் சொன்னார். பாதி ஆளாக இருந்தார் அப்போது. கன்னம் உள்ளே போயிருந்தது. நடக்கும்போது சட்டென்று நின்று பின்னால் ஆள் வருகிறதா என்று பார்ப்பதுபோல் பார்ப்பார்.

நாங்கள் போனபோது துலுக்கானம் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கங்காதரன் காலத்துக்கு முன்பிருந்தே அந்தக் கிணற்றில் மாடு ஓட்டுகிறவர். மாடுகள் சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து சால் ஏறித் தண்ணீரைக் கொட்டும். பின்னால் ஏறினால் சால் இறங்கும். சரிவின் நடுவே சங்கிலி போக வேண்டியிருந்தது. மாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் சின்னப்பையன். கோதண்டம் சத்தம் கொடுத்தார். துலுக்கானம் காதில் வாங்காததுபோல் ஓட்டினார். இன்னொரு தடவை அதட்டினார்.

"நிக்க வுடக் கூடாது ஆண்டே" என்றார் துலுக்கானம், மாட்டின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

கோதண்டம் நின்ற இடத்திலேயே நின்றார். "இன்னாடா சொன்ன?"

"பெரிய ஆண்ட சொன்ன சொல்லுதான். நிக்க வுடாதேன்னு. நீங்களும்தான் தலமாட்டுல குந்திகினு இருந்தீங்க."

"அது கடியாரத்த சொன்னாருடா."

"எனக்கு இன்னா தெரியும் கடியாரத்த? நாத்து காஞ்சிகினு கெடந்துச்சு அன்னிக்கி. கண்ணத் தொறந்தாரு, மாட்டப் பாத்தாரு, சொன்னாரு. நானு ஓட்டிகினே இருந்தேன். அவுரு பூட்டாருன்னு நீங்க அழுவுற சத்தம் கேட்டுச்சு, அப்பவும் நிறுத்தல. சாவு ஊட்டுல தண்ணி எறைக்கிறான் பாரு, நெஞ்சில ஈரம் இல்லாதவன்னு ஊரே திட்டுச்சே. நீங்ககூட ஒதச்சீங்க."

கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. உதைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

"கையில கடியாரம் இருந்துச்சேடா" என்றார், கெஞ்சுவதுபோல.

"கை அங்க இருந்துச்சு ஆண்டே. கண்ணு இங்க இருந்துச்சு." இவ்வளவையும் மாட்டை ஓட்டியபடியேதான் சொன்னார். சால் ஏறி, தண்ணீர் கொட்டி, வாய்க்காலில் ஓடியது.

செத்தவர் பேச்சுக்கு அர்த்தம் கேட்க வக்கீல்தான் வைக்க வேண்டும் போல என்று முணுமுணுத்துவிட்டு, முடிவு செய்து சொல்லி அனுப்பச் சொல்லிச் சின்னப்பையன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார். கோதண்டம் கொட்டகையில், அண்ணனின் கட்டில் கிடந்த இடத்தில் குந்தி, அந்தச் சரிவைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் மாடும் தெரிந்தது. வீட்டின் பின்கதவும் தெரிந்தது. எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தார். நான் பின்னால் போனேன்.

சோறு வடித்து இறக்கியிருந்தது. அவள் இலை போட்டாள். அவர் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார், ஆனால் சோற்றைத் தொடவில்லை. அவள் பரிமாறிவிட்டு நிலைப்படிக்குப் போனாள். அவர் கண் வழக்கம்போல அங்கே போயிற்று. இந்தத் தடவை கொஞ்சம் கீழே இறங்கி, கஷ்டப்பட்டு, அவள் முகத்தில் நின்றது.

அண்ணன் கடைசியாகச் சொன்னது எதை என்று கேட்டார். கடியாரத்தைத்தானே என்றார். துலுக்கானம் கவலையை என்கிறானே என்றார். கேட்கும்போது குரல் ஒரு சிறுபிள்ளையின் குரல் மாதிரி ஆகிவிட்டது. சின்னவன், தம்பி, ஏதோ உடைத்துவிட்டவன்.

அவள் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"ஒரு கையில கடியாரம் இருந்துச்சு தம்பி. இன்னொரு கையில இன்னா இருந்துச்சு?"

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"என் கை" என்றாள். "கஞ்சி குடுக்க வந்தேன். புடிச்சிகினாரு. நீ அந்தப் பக்கம் இருந்தே, பாக்கல. நிக்க வுடாதேன்னு சொல்லும்போது என் கைய ஒரு அமுக்கு அமுக்குனாரு. தெருவுல நிக்க வுடாதே இவளன்னு சொல்றாரு, அப்படித்தான் எனக்குக் கேட்டுச்சு."

வெளியே கவலையின் உருளை கிரீச்சிட்டது. நின்றது என்று நினைத்தேன். மாடு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

"சொல்லலியே அண்ணி."

"நீ கேக்கலியே. மொத வருசம் மாட்ட வித்தே. சரி, அடுத்த வருசம் புரிஞ்சிக்குவேன்னு இருந்தேன். காசுமாலைய கேட்டே. இப்ப கேப்பே, இப்ப கேப்பேன்னு இங்கயேதான் நின்னுகினு இருந்தேன். உன் கண்ணு என் மேலதான் இருந்துச்சு, நீ பாக்கல." பிறகு கொஞ்சம் தணிந்து, "எனக்கும் நிச்சயமா தெரியாது தம்பி. கடியாரமாவும் இருக்கலாம். எனக்கு அப்படிக் கேட்டுச்சு" என்றாள்.

கோதண்டம் எழுந்தார். சுவரில் சாய்த்திருந்த மணையை எடுத்துக்கொண்டுபோய் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் போட்டார். தானே ஒரு இலையை எடுத்து அதன் எதிரில் விரித்தார்.

"உக்காரு அண்ணி."

அவள் என்னைப் பார்த்தாள். வெளி ஆள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பழக்கமில்லை. நான் என் இலையில் குனிந்துகொண்டேன். மணை தரையில் அசைகிற சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

நிமிர்ந்தபோது கோதண்டம் நிலைப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அங்கே யாருமில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

"இன்னும் கீறாரா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

"கீறாரு."

"அவுரு நிக்கட்டும். நா ரொம்ப நாளா நின்னுட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

கிணற்றுக் கொல்லையைச் சின்னப்பையனுக்கு விற்கவில்லை. அடுத்த முறை கோதண்டம் எங்கள் ஆபீசுக்கு வந்தது, கொல்லையையும் கிணற்றையும் தாட்சாயிணி அம்மாள் பேருக்கு எழுதிவைக்க. எதற்காக என்று எழுத வேண்டிய வரியில் ஆனந்தனின் பேனா தானாக ஓடப் பார்த்தது. கோதண்டம் தடுத்தார். 'என் தமையனார் சொன்ன சொல்லுக்காக' என்று எழுதச் சொன்னார். என்ன சொல் என்று ஆனந்தன் கேட்டார். அதை மட்டும் கோதண்டம் சொல்லவில்லை. நகலை நான்தான் எழுதினேன். அந்த ஒரு வரியில் என் கையெழுத்து மற்ற வரிகளைவிட நன்றாக வந்திருக்கிறது.

கடிகாரத்தை மவுண்ட் ரோட்டுக் கடையிலிருந்து பழுது பார்க்காமலே வாங்கி வந்தோம். திறந்து பார்த்ததற்கு மட்டும் கூலி கேட்டார்கள், கொடுத்தோம். கோதண்டம் அதை உள்வாசல் நிலைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தார்.

இதோடு அவருக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. அவ்வப்போது நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, "கடியாரமாவும் இருக்கலாம் இல்ல, தம்பி?" என்று கேட்பார். நான் இருக்கலாம் என்பேன். வேறென்ன சொல்வது? கேட்டவர்கள் மூன்று பேர், சொன்னவர் ஒருவர், அவரும் போய்விட்டார். ஒரு சொல்லுக்கு எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று எனக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லில் செயப்படுபொருள் இல்லை.

போன மாதம் போயிருந்தேன். சாப்பாடானதும் அவர் எழுந்து, ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் என் காதில் வைத்தார். தாட்சாயிணி அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சு முறிந்த கடிகாரம் அது, ஓடாது. எனக்கு ஏதோ கேட்டது. என் காதில் என் ரத்தம் ஓடுகிற சத்தமாகத்தான் இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி ஆணியில் மாட்டினார்.

கோதண்டம் இப்போது நூம்பலில்தான் இருக்கிறார். அண்ணியின் கிணற்றுக் கொல்லையில் பயிர் செய்கிறார். துலுக்கானத்துக்கு முழங்கால் வீங்கிவிட்டதால், காலைக் கவலையை இவரே ஓட்டுகிறார். மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கடிகாரம் நிலைக்கு மேலே இருக்கிறது. அது நின்றிருக்கிறது.